படலைக்கு உள்ளே சொல்லும் சொல்

என் மகள் திடப்படுத்தல் வகுப்பிலிருந்து பாதியில் எழும்பி வந்ததற்கு ஒரு சொல்தான் காரணம். இரண்டே எழுத்து. காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கப் போகும் வரைக்கும் அந்தச் சொல்லை நாங்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். தேத்தண்ணி வேணுமோ என்றால் ஓம், பஸ் போய்விட்டதோ என்றால் ஓம், தலையிடிக்கிறதோ என்றால் அதற்கும் ஓம். திருகோணமலையில் பிறந்த பிள்ளைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி வாயில் வருகிற சொல் அது. அதைச் சொன்னதற்காக ஆலயத்தில் ஒரு பிரச்சினை வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், விசர்க்கதை கதையாதேங்கோ என்று சிரித்திருப்பேன்.

எங்கள் ஆலயம் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருக்கிறது. கப்பல் ஊதினால் பிரசங்கம் கொஞ்சம் நிற்கும், பிறகு தொடரும். முன் வாங்குகளில் உட்காருகிறவர்கள் தலை நரைத்தவர்கள், நடு வாங்குகளில் என்னைப் போல நரைக்கு மை பூசியவர்கள், பின்னால் வெறும் வாங்கு. நான் சபைக் குழுவின் செயலாளர். தொழில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் கணவர் சொல்லுவார். அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறார். ஒரு நாளைக்குச் சொல்ல வேண்டியதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார். அவர் மிச்சம் வைத்த வாயும் சேர்ந்து எங்கள் ஒரே மகளுக்குப் போய்விட்டது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் அவள் உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் வருவாள், வராவிட்டால் இல்லை. அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான்.

சபைக் குழு கூடினால் கடைசியில் இந்தக் கதைதான் வரும். வாலிபர் ஏன் வருவதில்லை? எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர், மூப்பர் என்று எல்லாரும் கூப்பிடுவோம், அதற்கு எப்போதும் பதில் வைத்திருப்பார்.

"இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குப் போன்தான் எல்லாம். ஒரு ட்ரம் செட் வாங்கி வையுங்கோ, ஓடி வருவினம்" என்றார் ஒருமுறை.

ட்ரம் செட் வந்தது. பிள்ளைகள் வரவில்லை. இப்போது பாடகர் குழுப் பெண்கள் ஆராதனை முடியும் வரைக்கும் தங்கள் கைப்பைகளை அதன் மேல்தான் வைக்கிறார்கள். பிறகு ரீ-சேர்ட் அடித்தோம், முதுகில் பெரிய எழுத்தில் வசனம் போட்டு. அதைப் போட்டுக்கொண்டு ஆலய வளவைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள்.

"அந்தப் பிள்ளையளிட்ட ஒருக்காக் கேட்டுப் பார்த்தனீங்களோ?" என்று நான் கேட்டேன்.

"என்னத்தைக் கேக்கிறது?" என்றார் மூப்பர்.

"ஏன் வாறேல்லை எண்டு."

"அதுதான் எங்களுக்குத் தெரியுமே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கூட்டக் குறிப்பை எழுதினேன். எழுத எழுத பேனை தாளைக் கிழித்தது.

அப்படி இருக்கும்போதுதான் புதுப் போதகர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பிறந்தது இங்கேதான். சண்டைக் காலத்தில், அவர் நடக்கப் பழகிய கையோடு, குடும்பம் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டது. அங்கே அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே இறையியல் படித்து, இப்போது மனைவியோடு திரும்பி வந்திருந்தார். தாய் மட்டும் இன்னும் அந்த முகாமில். நல்ல மனிதர், பொய் இல்லாத முகம். ஆனால் அவருடைய தமிழ் முழுக்க அந்தக் கரைத் தமிழ். "வாங்கம்மா, உக்காருங்க" என்பார். எங்கள் பிள்ளைகளுக்குச் சினிமாப் படம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

வந்த கையோடு அவர் செய்த முதல் வேலை, சில வருடங்களாக நடக்காமல் கிடந்த திடப்படுத்தல் வகுப்பைத் தொடங்கியது. எங்கள் சபையில் குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானம் கொடுப்பார்கள். குழந்தைக்காகத் தாய் தகப்பன் வாக்குக் கொடுப்பார்கள். வளர்ந்த பிறகு பேராயர் வந்து கேட்பார், அந்த வாக்கை இப்போது நீ உன் சொந்த வாயால் ஏற்றுக்கொள்கிறாயா என்று. ஏற்றுக்கொண்டால் தலையில் கை வைத்துத் திடப்படுத்துவார். அதற்குப் பிறகுதான் திருவிருந்துக்குப் போகலாம், அப்பமும் திராட்சை இரசமும் வாங்கலாம்.

எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். என் மகள் திருவிருந்தில் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்க வேண்டும். சின்னதில் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வருவாள், போதகர் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார், திரும்பிப் போவாள். கொஞ்சம் வளர்ந்ததும், "நான் என்ன நாய்க்குட்டியோ தலையில தட்டுறதுக்கு?" என்று கேட்டுவிட்டு வாங்கிலேயே இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் தனியேதான். இடது பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு முழங்காலில் நிற்பேன், பழக்க தோஷம். யாராவது வந்து அந்த இடத்தில் நின்றால் எனக்குக் கோபம் வரும். திருவிருந்தில் கோபப்படுகிற பெண் நான்.

ஆகவே அவள் வகுப்புக்குப் பெயர் கொடுத்தபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. மொத்தம் ஆறு பிள்ளைகள். ஒரு பையன் மூதூரிலிருந்து பஸ் ஏறி வருவான். சனிக்கிழமை பின்னேரம் ஆலய மண்டபத்தில் வகுப்பு. போதகர் கேள்வி பதில் அச்சடித்த தாள் கொடுத்து, ஒவ்வொரு கிழமையும் ஒரு பக்கம் பாடமாக்கச் சொன்னார். பிள்ளைகளும் ஒழுங்காகத்தான் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை ஒத்திகை. அன்றைக்கு நடந்ததை மகள் வந்து எனக்கு நடித்தே காட்டினாள்.

"பேராயர் இப்படிக் கேப்பாரு" என்று போதகர் சொல்லியிருக்கிறார். "உன் ஞானஸ்நான வாக்கை உன் சொந்த வாயால் ஏற்றுக்கொள்கிறாயா? அப்ப நீங்க, ஆம், ஏற்றுக்கொள்கிறேன்னு சொல்லணும். எங்க, நீ சொல்லும்மா."

முதலாவதாக நின்றவள் என் மகள். "ஓம், ஏற்றுக்கொள்ளுறன்" என்றாள்.

போதகரின் முகம் மாறியது. "ஓம் இல்லம்மா. ஆம். ஆம்னு சொல்லு."

"ஓம் ஐயா" என்றாள் மகள்.

அவள் பகிடி விடவில்லை. சரி என்று சொல்வதற்கு எங்களுக்கு வேறு என்ன சொல் இருக்கிறது? ஆனால் மற்றப் பிள்ளைகள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். போதகர் தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். காது சிவந்ததாம்.

"அது வேற இடத்துச் சொல். மந்திரத்துல வர்றது. ஆலயத்துல வரக்கூடாது" என்றார்.

"வேற இடமோ? இது எங்கட இடம் ஐயா."

"ஆம்னு சொல்றதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"சொல்லலாம். ஆனா நான் சொன்ன மாதிரி இராது, ஆரோ எழுதித் தந்ததை வாசிச்ச மாதிரி இருக்கும். சொந்த வாயால எண்டு நீங்கதானே கேக்கிறீங்கள்?"

"அப்படின்னா நீ இன்னும் ஆயத்தமாகலன்னு அர்த்தம்" என்று போதகர் சொல்ல, அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் யாரை ஏசுவது என்று தெரியாமல் முதலில் அவளையே ஏசினேன். "ஓவன்னாவுக்குப் பதிலா ஆவன்னா! முதலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். உனக்கு வாய் நோகுதோ?"

"அப்ப அவர் சொல்லட்டுமே ஓம் எண்டு. அவருக்கு வாய் நோகுதோ?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் தலை நிமிரவில்லை. "உன்ர வாய்தான்" என்றார், எங்கள் இரண்டு பேரில் யாருக்கு என்று சொல்லாமல்.

அடுத்த கிழமை வகுப்புக்குப் பாதிப் பேர்தான் போனார்கள். அதற்கடுத்த கிழமை ஒருவரும் இல்லை. பிள்ளைகளுடைய வட்ஸ்அப் குழுவுக்கு "ஓம் கோஷ்டி" என்று பெயர் மாற்றிவிட்டார்கள் என்று மகள் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பேராயர் நினைத்த நேரம் வருகிற ஆள் இல்லை. இந்த முறை தவறினால் பிறகு எப்போது வருவாரோ. அதற்குள் என் பிள்ளை பல்கலைக்கழகம் என்றோ வெளிநாடு என்றோ போய்விடுவாள். போனால் இந்தக் கதை அதோடு முடிந்துவிடும்.

அவசரமாகக் குழு கூடினோம். ஆட்கள் இல்லை என்று பேராயருக்கு அறிவித்துத் திடப்படுத்தல் ஆராதனையை நிறுத்தலாம் என்று மூப்பர் சொன்னார்.

"பிள்ளையளுக்கு மண்டைக்கனம்" என்றார்.

"ஓம் எண்டுறதில என்ன பிழை? நாங்களும் அதைத்தானே சொல்லுறம்?" என்றேன்.

"ஓம் ஓம், அது சரி, ஆனா சேர்ச்சுக்குள்ள வேற" என்றார் மூப்பர்.

இரண்டு ஓம்! அறை முழுக்கச் சிரித்தது. மூப்பருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது, பிறகு அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்காதவர் போதகர் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் யாராவது பட்டப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு பிள்ளை மேசையைப் பார்த்துக்கொண்டு இருக்குமே, அப்படி இருந்தார். அந்த முகம் எனக்கு நன்றாகப் பழகின முகம், தினமும் வகுப்பில் பார்க்கிறேன். என் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன். "ஐயா, ஒருக்கா வீட்ட வாங்கோ. பிரசங்கம் ஒண்டும் வேண்டாம். சும்மா வந்து என்ர பிள்ளையோட கதையுங்கோ" என்றேன். கொஞ்சம் உரக்கத்தான் சொல்லிவிட்டேன் போல, மனிதர் இரண்டடி பின்னால் போய்த் தலையாட்டினார்.

மகளுக்கு லீவு நாளாகப் பார்த்து வந்தார். எங்கள் வீடுகளில் போதகர் சந்திப்பு என்றால் ஒரு முறை உண்டு. முன் விறாந்தையில் நல்ல கதிரையை இழுத்துப் போடுவோம், பிஸ்கட் தட்டு வைப்போம், அவர் ஒரு வசனம் வாசிப்பார், ஜெபிப்பார், போவார். அன்றைக்குக் கதிரை, தட்டு எல்லாம் தயார். மகள்தான் வரவில்லை. குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கை நாறுது, வரேலாது!" என்று அங்கேயிருந்து கத்தினாள். என் மானம் போனது.

"நான் அங்க வரலாமாம்மா?" என்று போதகர் கேட்டார். நான் பதில் சொல்ல முதலே குசினிக்குள் போய், பலகையை இழுத்துப் போட்டு இருந்து, அவரும் ஓர் இறாலை எடுத்தார். உரித்தது மகா மோசம். தலையோடு பாதி இறைச்சியும் போனது. மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஐயா, உப்பிடி உரிச்சா எங்களுக்குக் கறி இல்லை."

அவர் சபையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விடுதி வேலை எப்படி என்று கேட்டார். அவளுக்கு வாய் திறக்க அதுவே போதும். சனிக்கிழமை பின்னேரம்தான் புது விருந்தாளிகள் வந்து இறங்குகிற நேரம் என்றாள். அந்த நேரத்தை இன்னொரு பெண்ணிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டுதான் வகுப்புக்கு வந்திருக்கிறாள். மூதூர்ப் பையன் வகுப்பு முடிந்து பஸ் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தைச் சொன்னாள். போதகருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு என்ன, எனக்கே தெரியாது. வீட்டுக்குள் இருந்த எனக்கு!

"ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை என்னட்டக் கேட்டவ, நீ ஏன் கிறிஸ்தவள் எண்டு" என்றாள். "என்ர சங்கிலியில சிலுவையைப் பார்த்திட்டு. எனக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்லை. அம்மா கிறிஸ்தவம், அதால நானும் எண்டு சொன்னன். எனக்கே வெக்கமாப் போச்சு. அதை உங்களிட்டக் கேப்பம் எண்டுதான் வகுப்புக்கு வந்தனான். வந்தா, எல்லாக் கேள்விக்கும் விடை முதலே அடிச்சுக் கிடக்கு. என்ர கேள்வி அந்தத் தாளில இல்லை."

போதகர் கையிலிருந்த இறாலைத் தட்டில் வைத்தார்.

"கோவிக்காதேங்கோ ஐயா, இன்னொண்டும் கேக்கிறன். ஓம் எண்டுறது உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கேல்லை? மந்திரம் எண்டு சொல்லாதேங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ."

நான் தேத்தண்ணியோடு வாசலில் நின்றேன். எடியே, போதகரிடம் இப்படியா கேட்பது என்று கத்த வாய் திறந்தேன். அதற்குள் அவர் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"முகாமுக்கு வெளிய ஒரு பள்ளிக்கூடத்துல என்னைச் சேர்த்தாங்க" என்றார். "வாத்தியார் கணக்குச் சொல்லிக் குடுத்துட்டு, புரிஞ்சுதாடான்னு கேட்டாரு. ஓம் சேர்னு சொன்னேன். வகுப்பே சிரிச்சுது. அன்னைலேர்ந்து என் பேரு ஓம் சாமியார். படிப்பு முடியற வரைக்கும் அதான் பேரு. கொஞ்சம் பெரியவனானதும் வேற மாதிரி. பஸ்ல, கடையில, அந்தச் சொல் வாயில வந்துட்டா போதும், ஒருத்தர் திரும்பிப் பாப்பாரு. எந்த முகாமுன்னு கேப்பாரு. ஒரு தடவை போலீஸ்காரர் கேட்டு, சாயங்காலம் வரைக்கும் உக்கார வச்சாங்க. அதுக்கப்புறம் அம்மா ஒரு சட்டம் போட்டாங்க. வீட்டுக்குள்ள சொல்லுங்கோ, படலையைத் தாண்டினா வாயில வரப்படாது." தாயின் வரியை மட்டும் அவர் தாய் சொன்ன மாதிரியே சொன்னார். "எங்க குடிசைக்குப் படலைன்னு ஒரு வெளிக்கதவே கிடையாது. வாசல்ல ஒரு சாக்குத்தான் தொங்கும். ஆனா அம்மா அதைப் படலைன்னுதான் சொல்லுவாங்க."

மகள் இறால் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நீ பேராயர் முன்னாடி அதைச் சொன்னா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்களேன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு. உன்னைக் காப்பாத்துறேன்னு நினைச்சேன்" என்றார்.

மகள் எழும்பிப் போய்க் கையைக் கழுவினாள். குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப சேர்ச் எது ஐயா? படலைக்கு உள்ளையோ, வெளியிலையோ?"

போதகர் தேத்தண்ணியைக் குடித்தார், மகளிடம் "நல்ல கேள்விம்மா" என்றார், போய்விட்டார். ஜெபம் பண்ண மறந்தே போனார். எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணாமல் போன போதகர் அவர் ஒருவர்தான். எனக்கென்னவோ அன்றைக்கு அது குறையாகப் படவில்லை.

இரண்டு நாள் கழித்து ஓம் கோஷ்டிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. எந்த நாள், எந்த நேரம் எல்லாருக்கும் வசதி என்று கேட்டிருந்தார். அப்படி ஒரு கேள்வியை எங்கள் சபையில் யாரும் பிள்ளைகளிடம் கேட்டதில்லை. ஆறு பேரும் தங்களுக்குள் அடிபட்டு ஒரு காலை நேரத்தைச் சொன்னார்கள். போதகர் பஸ் ஏறி உப்புவெளிக்குப் போனார். விடுதிக்குப் பின்னால், வள்ளங்களை இழுத்து வைத்திருக்கிற இடத்தில், ஒரு மர நிழலில் வகுப்பு. தாள் இல்லை. முதல் நாள் முழுக்க அவர்கள்தான் கதைத்தார்களாம். அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கேள்விக்கு ஒவ்வொருவரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்டாராம். கடைசியில் அவரும் தன் பதிலைச் சொன்னாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அது எங்கட வகுப்புக் கதை. உங்களுக்கு ஏன்?" என்றாள் மகள். எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்தது.

மூப்பருக்குத்தான் பொறுக்கவில்லை. "கடற்கரையில என்ன திடப்படுத்தல் வகுப்பு?" என்று என்னைப் பிடித்துக் கேட்டார்.

"இயேசு எங்க வைச்சுப் படிப்பிச்சவர் எண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டேன். மனிதர் யோசித்தார். அடுத்த கிழமை பிள்ளைகளுக்குச் சாப்பிட என்று ஒரு பெட்டி ரோல்ஸ் வாங்கி அனுப்பினார். குறை சொல்வதற்கில்லை, அவருக்கும் பிள்ளைகள் வரவேண்டும் என்றுதான் ஆசை.

ஆனால் ஒன்று மட்டும் முடியாமல் கிடந்தது. பேராயர் கேட்கும்போது என்ன சொல்வது? அதைப் பற்றி வகுப்பில் போதகர் ஒரு சொல்லும் எடுக்கவில்லையாம். பேராயருடைய ஆராதனைப் புத்தகத்தில் ஆம் என்றுதான் அச்சடித்திருக்கிறது.

"நீ போவியோ? போனா என்ன சொல்லுவாய்?" என்று மகளைக் கேட்டேன்.

"ஐயாவைப் பார்த்திட்டுச் சொல்லுறன்" என்றாள்.

அவள் ஆம் என்று சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும். அவர் மறுபடி பயந்து முகத்தைச் சுளித்தால், அந்த இடத்திலேயே திரும்பி நடப்பாள், அதுவும் தெரியும். வெள்ளைச் சட்டை தைத்து அலுமாரிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து எடுத்துத் திரும்பத் திரும்ப அயன் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. முதல் நாள் நாங்கள் ஆலய வாசலில் கட்டிய குருத்தோலைத் தோரணத்தைக் காலையில் மான்கள் தின்றுவிட்டிருந்தன. எங்கள் ஊர் வீதிகளில் திரிகிற மான்களுக்குக் கோயில், சேர்ச், பள்ளிவாசல் என்ற பேதம் கிடையாது, எட்டினால் தின்னும். மிச்சம் இருந்ததை உயரத் தூக்கிக் கட்டினோம். கணவர் அதிசயமாக லீவு எடுத்து வந்திருந்தார். என் பக்கத்து வீட்டு அக்கா, மகளைத் தூக்கி வளர்த்தவர், பெரிய பொட்டும் பட்டுச் சேலையுமாக வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் சைவ சமயம். எங்கள் வீட்டில் நல்லது நடந்தால் முதல் ஆளாக வந்துவிடுவார்.

ஆறு பிள்ளைகளும் முன்னால் நின்றார்கள். என் மகள் முதலாவது. எனக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராயர் புத்தகத்தை விரித்தார். முதல் கேள்வி பிள்ளைகளுக்கு இல்லை என்பதை நான் மறந்தே போயிருந்தேன். முதல் கேள்வி போதகருக்கு.

"இந்தப் பிள்ளைகளை நீங்கள் போதித்து ஆயத்தப்படுத்தினீர்களா?"

போதகர் கையில் புத்தகம் இருந்தது. ஆம், ஆயத்தப்படுத்தினேன் என்று அதில் இருந்தது. அவர் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு அதை மூடினார். நான் பக்கத்து வீட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம்" என்றார். பிறகு, கொஞ்சம் உரக்க, "ஓம், ஆயத்தப்படுத்தினனான்" என்றார்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்? பேராயர் மட்டக்களப்பு மனிதர், ஓம் சொல்லி வளர்ந்தவர், அவருக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, பக்கத்தைப் புரட்டினார். முன் வாங்கில் மூப்பர் விசிறிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு கப்பல் ஊதியது. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கப் பயந்த காரியம் நடந்து முடிந்தது, ஆலயத்தில் ஒரு தலை திரும்பவில்லை. என் மகளுடைய தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை.

பேராயர் பிள்ளைகளைக் கேட்டார். சொந்த வாயால் ஏற்றுக்கொள்கிறீர்களா?

"ஓம், ஏற்றுக்கொள்ளுறம்!" என்றார்கள் ஆறு பேரும் ஒரே குரலில். அந்தப் பழைய கூரையில் பட்டு அது திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா என் காதுக்குள் குனிந்தார். "என்னடி பிள்ளை, எங்கட கோயிலுக்கு வந்த மாதிரிக் கிடக்கு!"

அடக்க ஏலாமல் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்போதுதான் முழு ஆலயமும் திரும்பிப் பார்த்தது, என்னை.

திருவிருந்துக்குப் போனேன். பழக்கப்படி இடது பக்கம் இடம் விட்டு முழங்காலில் நின்றேன். வெள்ளைச் சட்டை உரச என் மகள் வந்து அந்த இடத்தில் நின்றாள். "கொஞ்சம் தள்ளுங்கோ அம்மா, எவ்வளவு இடம் பிடிக்கிறீங்கள்!" என்று குசுகுசுத்தாள். போதகர்தான் அப்பம் கொண்டு வந்தார். அவளுடைய கையில் வைத்தார். நான் அழுதேன். அழத்தான் வேண்டும், எத்தனை வருடக் காத்திருப்பு!

பிறகு மண்டபத்தில் சாப்பாடு. எல்லாரும் தட்டோடு இருந்தோம், போதகரை மட்டும் காணவில்லை. தேடிப் போன மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, வந்து பாருங்கோ, ஐயா நடு றோட்டில நிக்கிறார்."

ஆலய வளவுக்குள் சிக்னல் வராது. அதனால் படலையைத் தாண்டி, துறைமுக வீதியில் நின்றுகொண்டு இந்தியாவுக்குப் போன் எடுத்திருந்தார். பஸ் இரைச்சலில் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எங்களுக்கும் அவருடைய தாயின் குரல் கேட்டது.

"எல்லாம் வடிவா முடிஞ்சுதோ தம்பி?"

"ஓம் அம்மா!" என்று வீதி முழுக்கக் கேட்கக் கத்தினார். "ஓம், ஆறு பிள்ளையள்! ஓம், பேராயர் வந்தவர்!"

"வெளியில நிண்டோ கதைக்கிறாய்? மெல்லக் கதை. ஆரும் கேட்டிடப் போகினம்."

மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் ஒருவர் மணியடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேக்கட்டும் அம்மா" என்றார் போதகர். "இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் கதைக்கினம்."